முழங்கால் உயரத்தில் மாட்டிய காலண்டர்கள்

போன வாரம் மத்திகிரியில் பெய்த மழைக்கு எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறிவிட்டது. பயப்படும்படி ஒன்றுமில்லை. எங்கள் வாசலின் முதல் படியைத் தொட்டுவிட்டு இறங்கிப்போயிற்று. பக்கத்து வீடு கொஞ்சம் தாழ்வு என்பதால் அங்கே மட்டும் ஹாலுக்குள் கணுக்கால் அளவு நின்றது. வடிந்ததும் அந்த வீட்டம்மா துடைப்பமும் வாளியுமாகக் கிளம்பினார். பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் அவருடைய மகள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "யாரும் தொடைக்காதீங்க. மொதல்ல போட்டோ எடுக்கணும், சேறு தெரியணும்" என்றாள். சோபாவின் நனைந்த கால், பிரிட்ஜின் அடிப்பாகம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். கோடு எவ்வளவு உயரம் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் பிடித்தாள். எல்லாம் நிவாரணத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுப்புவதற்கு.

கெட்டிக்காரப் பெண். இதில் உனக்கு என்னப்பா கஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தபின் எதற்கு எழுந்தேன் என்று தெரிவதில்லை. சர்க்கரை ஏறியிருக்கும், டெஸ்ட் எடுங்கள் என்கிறாள் என் மனைவி. சர்க்கரை இல்லை. போட்டோ எடுத்து முடித்தபிறகு அந்த வீட்டம்மா பினாயில் ஊற்றிக் கழுவினார் பாருங்கள், அந்த வாசனைதான். ஈரச் சிமெண்டும் பினாயிலும் கலந்து வந்தால் எனக்கு ஒரு லைன் வீடு ஞாபகம் வந்துவிடும். அங்கே நின்று நான் எழுதிய இரண்டு வார்த்தைகளும் கூடவே வரும்.

சொந்த ஊர் எனக்கு நாகரசம்பட்டி. எங்களுக்கு அங்கே மாந்தோப்பு. பூ நன்றாகப் பிடித்து, பிஞ்சு நின்று, காய் திரளும் சமயத்தில் ஒரே ஒரு சூறைக்காற்று வந்து அத்தனையையும் தரையில் கொட்டிவிட்டுப் போகும். அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட அப்பா ஒருவர் போதும் என்று நான் ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஃபேக்டரிக்குக் கூரை இருக்கிறது, மழையும் காற்றும் இனி நம்மை என்ன செய்துவிடும் என்பது அப்போது எனக்கிருந்த ஞானம்.

ஃபேக்டரியில் சேர்ந்த இரண்டாம் வருஷமே சொசைட்டியில் மாட்டிக்கொண்டேன். தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்பது போர்டில் இருந்த பெயர். சொசைட்டி என்றால்தான் யாருக்கும் தெரியும். மாதாமாதம் எல்லோருடைய சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு தொகை அதில் போய்ச் சேரும். தேவைப்பட்டவருக்கு அதிலிருந்தே கடன். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறை, இரண்டு பீரோ, ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் சாம்பார் வாசனை வரும், மூடினால் கட்டிங் ஆயில் வாசனை வரும். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்ற ஒரே தகுதியைப் பார்த்து, ஷிப்ட் முடிந்ததும் வந்து எழுத்துவேலை பார்க்கச் சொன்னார்கள். சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு ஒரு கிலோ மிக்சர் உண்டு. அந்த மிக்சருக்காக நான் ஒரு ஆபீசர் மாதிரி நடந்துகொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

சொசைட்டி டைரக்டர்களில் ஒருவர் முனியப்பா. ஓசூர்க்காரர், பெயின்ட் ஷாப்பில் சீனியர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களிடம் இரண்டும் கலந்த ஒரு தமிழ். கோபம் வந்தால் மட்டும் எந்தப் பாஷையும் பேச மாட்டார். கடன் கேட்டவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்துவருவது அவர் வேலை. கூடப் போய் பாரத்தைப் பூர்த்தி செய்வது என் வேலை.

வீடு பார்ப்பது எங்கள் சொசைட்டியின் தனி வழக்கம். ஃபேக்டரியில் பாதிப்பேர் வெளியூர். மதுரைப் பக்கம், சிவகங்கைப் பக்கம், திருநெல்வேலி. கடனை வாங்கிக்கொண்டு ஒருநாள் ஊரைப் பார்க்கப் போய்விட்டால் யாரைத் தேடுவது? அதனால் ஆள் நிலையாகக் குடும்பம் நடத்துகிறானா, வீட்டில் நாலு சாமான் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது தெரிந்ததும் மக்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து வீட்டு பீரோ இந்த வீட்டுக்கு வரும். மாடி வீட்டு மிக்சி வந்து அடுப்படியில் உட்காரும். சோபா கவர் அயர்ன் செய்யப்படும். இருக்கிறது என்று காட்டினால்தான் கிடைக்கும் என்று அந்த ஜனங்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்.

நான் மட்டும் யோக்கியனா என்ன? பைக் கடன் கேட்டபோது, சிநேகிதன் ஒருவனுடைய கலர் டிவியை ஆட்டோவில் ஏற்றிவந்து என் அறையில் வைத்தேன். முனியப்பா வந்தார், உட்கார்ந்தார், டிவியைப் பார்த்தார். "போடுப்பா, நியூஸ் டைமு" என்றார். அந்த அறையில் ஒரு பல்பைத் தவிர வேறெதற்கும் கரண்ட் கிடையாது, பிளக் செருக இடமே இல்லை. நான் வயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையெல்லாம் தடவினேன். அவர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆட்டோவுக்கு அதிகம் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த லைன் வீடுகளில் நடந்தது உலகத்தில் யாருக்குப் புரியாமல் போயிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்த லைன் மத்திகிரியில் ஏரிக்குக் கீழே இருந்தது. ஒரே கூரையின் கீழ் பதினோரு வீடுகள், பதினொன்றிலும் எங்கள் ஃபேக்டரி ஆட்கள். அந்த வருஷ மழையில் ஏரிக்கரை உடைந்து, விடிந்தும் விடியாமலும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேல் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். மதியம் தண்ணீர் வடிந்தபோது அரிசி, பாய், துணி, சான்றிதழ், அடுப்பு எல்லாம் ஒரே நிறத்தில் கிடந்தன. நாங்கள் ஷிப்டில் இருந்தோம். கன்வேயர் பக்கத்தில் ஒருவன் செல்போனைக் காதில் வைத்தபடி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டதை நான் பார்த்தேன். அவன்தான் தங்கராஜ்.

தங்கராஜுக்குச் சிவகங்கைப் பக்கம். வேலையில் நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி செல்வி. பெண்குழந்தைக்கு நாலு மாதம். சொசைட்டி கமிட்டி மறுநாளே கூடியது, அதை நான் பெருமையாகத்தான் சொல்வேன். அரசாங்கத்தில் கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். வெள்ளம் பாதித்த வீட்டுக்கு உடனே கடன், ஜாமீன் கையெழுத்து வேண்டாம், நாலு மாதத்துக்குப் பிடித்தமும் கிடையாது. வீட்டைப் பார்த்து எழுதினால் போதும். நோட்டீஸ் போர்டில் அதை என் உருண்டைக் கையெழுத்தில் நானே எழுதினேன். வீடு பார்க்க வருவோம் என்பதை மட்டும் பெரிதாக எழுதினேன்.

போர்டைப் படித்துவிட்டுத் தங்கராஜ் என்னிடம் வந்தான். "மேல தெருவுல ஒரு வீடு இருக்குண்ணே. பத்து மாச அட்வான்ஸ் கேக்குறாக. சொசைட்டியில கெடச்சா மாறிருவேன். ஈரத்துல பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது" என்றான். பெங்களூரைப் பார்த்து ஓசூருக்கும் தொற்றிக்கொண்ட பழக்கம் அது, வாடகைக்கு வருகிறவனிடம் பத்து மாதப் பணத்தை முன்னால் வாங்கி வைத்துக்கொள்வது. பார்க்கலாம் என்று நான் ஆபீசர் தோரணையில் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் நாள் முனியப்பாவும் நானும் போனோம். முதல் நாலு வீடுகளில் நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் சேற்றுக்கு நடுவிலேயே கட்டிலைப் போட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சேதம், சேதம், சேதம், சேதம் என்று எழுதினேன். ஐந்தாவது வீடு தங்கராஜுடையது. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. உள்ளே தரை பளபளவென்றிருந்தது, பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு பீரோ, தொட்டிலில் குழந்தை. சுவரைச் சுற்றி வரிசையாகக் காலண்டர்கள், எல்லாம் முழங்கால் உயரத்தில். சாமி படக் காலண்டர் ஒன்றுகூட இல்லை. ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டேன். பிள்ளை பார்த்துச் சிரிக்கும் என்றாள். தவழவே ஆரம்பிக்காத பிள்ளை.

சேதம் எதுவும் உண்டா என்று முனியப்பா கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணே. எல்லாம் நல்லா இருக்கோம். அவுக வேலைக்கு ஒழுங்காப் போறாக" என்றாள் செல்வி. சொல்லிவிட்டு ஸ்டீல் டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். எனக்கு எதையும் படிக்கிற புத்தி. டம்ளரில் மாரியம்மாள் என்று பெயர் வெட்டியிருந்தது. மாமியாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

வெளியே வந்ததும் முனியப்பா தயங்கினார். தண்ணீர் வந்த வீடு, பார்த்து எழுது என்றார். எனக்கு என்ன நேர்ந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். டிவி வைத்து ஏமாற்றியவன் நான். அதனாலேயே, கடனுக்காக எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், தங்கராஜும் ஈரம் ஈரம் என்று கூட்டித்தான் சொல்லியிருக்கிறான் என்று தோன்றியது. இந்த முறையாவது ஒழுங்கான ஆளாக இருப்போம் என்று ஒரு வீம்பு. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சேத விவரம் என்ற கட்டத்தில் எழுதினேன்: சேதம் இல்லை. அடுத்த ஆறு வீடுகளும் அதே மாதிரி பளபளத்தன. ஆறிலும் காப்பி. ஆறிலும் மாரியம்மாள் டம்ளர். லைன் முழுக்க ஒரே மாமியாரா என்று முனியப்பாவிடம் ஜோக் வேறு அடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினோம், நாலே பெயர்கள். தங்கராஜ் படித்தான். சண்டைக்கு வரவில்லை, என்னிடம் காரணம்கூடக் கேட்கவில்லை. கேன்டீனில் எதிரே வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான். தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் இப்படித்தான் முகத்தைத் திருப்புவார்கள் என்று நான் அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். என் கையெழுத்து எவ்வளவு உருண்டையோ அவ்வளவு உருண்டை அப்போது என் மூளையும்.

வியாழக்கிழமை காலையில் மேல் தெரு இட்லிக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா யாரையோ திட்டியபடியே சட்னி ஊற்றினார். "நீங்க பாக்க வர்றீங்கன்னு என் கடை டம்ளரு, சேரு எல்லாத்தையும் லைன் வூட்டுப் பொண்ணுங்க தூக்கினு போனாளுங்க. ஒரு பீரோவ பின்வாசல் வழியா ஏழு வூட்டுக்கு மாத்தி மாத்தித் தூக்கினாங்க. இன்னும் ரெண்டு டம்ளரு வரல" என்றார். தண்ணீர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். மாரியம்மாள். அந்தம்மாவின் பெயரே அதுதான்.

கையைக் கழுவாமலே லைனுக்கு ஓடினேன். யாரும் எதிர்பார்க்காத நேரம். வாசலில் புடவையை விரித்து அரிசியைக் காயப்போட்டிருந்தார்கள். கல்யாணப் போட்டோக்களும் மார்க் ஷீட்டுகளும் கொடியில் துணிக் கிளிப்பில் தொங்கின. ஒரு வீட்டில் காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு, அதற்குக் கீழே பூச்சு கையோடு வந்தது. தங்கராஜ் வீடு பூட்டியிருந்தது. குழந்தைக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று, நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். தலைவருக்குக் கோபம். தீர்மானம் போட்டாயிற்று, செக்கும் எழுதியாயிற்று, இப்போது வந்து சொன்னால் எப்படி என்றார். அப்போது முனியப்பா எழுந்தார். "இவன் மட்டும் எழுதல. நானும்தான் ஏழு வூட்ல காப்பி குடிச்சன். எங்களுக்கு வூடு பாக்கத் தெரியல, அவங்க மேல தப்பில்ல" என்றார். பிறகு ஏழு பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மதியம் செக் தயார். பின்னாளில் அதில் ஆறு குடும்பங்கள் அந்தப் பணத்தில்தான் அடுப்பும் மெத்தையும் வாங்கி எழுந்தன. இரண்டு குடும்பங்கள் மேல் தெருவுக்கே மாறின. எங்கள் பணம், நாங்களே போட்டுவைத்த பணம், நல்ல காரியம் செய்தது. அதையும் சொல்ல வேண்டும்தானே.

ஏழாவது செக்கை எடுத்துக்கொண்டு தங்கராஜைத் தேடினேன். சொசைட்டி மேஜையிலேயே அவன் கடிதம் இருந்தது. வேலையை விட்டுவிட்டான், அதனால் உறுப்பினராகவும் தொடர விருப்பமில்லை, தன் பங்கைத் திருப்பித் தரவும் என்று எழுதியிருந்தான். செல்வியும் குழந்தையும் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள், இவன் சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறான் என்றான் செக்ஷன் ஆள் ஒருவன். முனியப்பாவின் மொபெட்டில் இரண்டு பேரும் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவன் மதுரை பஸ்ஸுக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தான்.

கடிதத்தைக் கிழித்துவிடு, உன் பெயர் வந்துவிட்டது என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவன் எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டான். "பிள்ளைக்கு நெஞ்சு கட்டிருச்சுண்ணே. இனிமே அவ இங்கிட்டு வர மாட்டா" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தரை சரியாக் காயலண்ணே. காலண்டருக்குக் கீழ கோடும் கொஞ்சம் தெரிஞ்சிச்சு. அதைப் பாத்துத்தான் சொசைட்டியில நம்மள வேணாம்னுட்டாகன்னு அவ ஒரே அழுகை. இன்னொரு தடவ தொடச்சிருக்கலாமேன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

நடந்ததைச் சொன்னேன். அது அப்படியில்லை, நேர்மாறு, வீடு அழுக்காக இருந்திருந்தால் கடன் கிடைத்திருக்கும், சுத்தமாக இருந்ததால்தான் நான் சேதம் இல்லை என்று எழுதினேன், தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று எனக்கே பட்டது. முனியப்பா எந்தப் பாஷையிலும் பேசாமல் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தபிறகு பெட்டியைத் தூக்கினான். "நல்லாத் தொடச்சதுனாலதான் கெடைக்கலன்னு நான் போயி அவகிட்ட எப்படிண்ணே சொல்லுவேன்?" என்றான். ஏறிவிட்டான்.

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. அந்த இடத்தில் நாலு மாடி அபார்ட்மென்ட், ஏரியில் பாதி பிளாட். ஃபேக்டரியில் நிரந்தர ஆட்கள் குறைந்து குறைந்து கான்ட்ராக்ட் ஆட்களாகிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு சொசைட்டியில் இடம் இல்லை. உறுப்பினர் இல்லாத சங்கத்தை ஒருநாள் மூடினார்கள். அந்த அறையில் இப்போது வருகைப் பதிவு மிஷின் இருக்கிறது. முனியப்பா காலமாகி ஐந்தாறு வருஷம். கடன் இன்றைக்குப் போனிலேயே வருகிறது. கேட்காமலே வருகிறது. தருகிறவன் யார் வாசலிலும் செருப்பைக் கழற்றி நின்றதில்லை, யார் வீட்டுக் காப்பியும் குடித்ததில்லை. தப்பாகப் பார்க்கவாவது அன்று இரண்டு பேர் நேரில் வந்தோமே என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். தேறவில்லை.

தங்கராஜ் நம்பர் ரொம்ப நாள் என் போனில் இருந்தது. முதலில் எடுக்காமல் இருந்தான், பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அந்தக் குழந்தை பிழைத்து நன்றாக இருக்கிறது என்று ஊர்க்காரன் ஒருவன் மூலம் தெரிந்தது, அந்த மட்டில் நிம்மதி. நான் சொன்னதை அவன் செல்வியிடம் சொன்னானா என்பதுதான் தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். அவன் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அப்படியானால், இன்னொரு தடவை துடைத்திருந்தால் புருஷன் வேலை நிலைத்திருக்கும் என்று சிவகங்கைப் பக்கம் அவள் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருப்பாள்.